தள்ளிப் போட்ட நாட்கள்

அந்த நாற்காலியில் உட்காராதீங்க, ஒரு கால் ஆடும். இப்படி என் பக்கம் வாங்க. பையை எடுத்துக்கொள்கிறேன். எவ்வளவு நேரம்தான் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பீங்க? நானும் வந்ததிலிருந்து பார்க்கிறேன். ஒற்றைத் தலைவலியா, முழுத் தலையுமா? சரி, சொல்ல வேண்டாம். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, பித்தம் ஏறிவிட்டது. இருங்க, என்னிடம் மாத்திரை இருக்கிறது.

சிரிக்காதீங்க. இது என் மகன் எட்டாவது படிக்கும்போது வைத்திருந்த ஜாமெட்ரி பாக்ஸ். காம்பஸ் கிடந்த பள்ளத்தில் காய்ச்சலுக்கு, பாகைமானி இருந்த இடத்தில் வயிற்றுப்போக்குக்கு, ஸ்கேல் வைக்கிற நீளப் பள்ளத்தில் வலிக்கு. எங்கள் தெருவில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் திறப்பது இந்தப் பெட்டிதான். கான்வென்டில் படித்தவள் இல்லையா, 'கான்வென்ட் டாக்டர்' என்று எனக்குப் பெயர். முதுகுக்குப் பின்னால் கேலியாகத்தான் சொல்கிறார்கள், எனக்குத் தெரியாதா? சொல்லிவிட்டு நேரே என் வீட்டுக் காலிங் பெல்லைத்தானே அடிக்கிறார்கள்.

இந்தாங்க, ஒன்று போதும். தண்ணீர் இல்லையா? அந்தக் கேனைச் சாய்த்துப் பார்க்காதீங்க, காலி. மாற்றுகிறோம் மாற்றுகிறோம் என்று ஒன்பது மணியிலிருந்து சொல்கிறார்கள். மாத்திரையைக் கையிலேயே வைத்திருங்க. தண்ணீர் வந்ததும் போட்டுக்கொள்ளலாம்.

உள்ளே யார், வீட்டுக்காரரா? ஓ, ஆபரேஷன் முடிந்து வைத்திருக்கிறார்களா. அப்படியென்றால் பயமில்லை. எழுந்து வந்துவிடுவார், பாருங்க.

எனக்கு ஐ.சி.யூ.வில் நாலாம் நம்பர் படுக்கை. மருமகள். இலக்கியா. இருபத்தேழு வயது.

இல்லைங்க, பிரசவம் இல்லை. விபத்தும் இல்லை. காலை ஏழரை மணிக்குக் கண்ணாடி முன்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். பாதிப் பின்னலில்...

கதவு திறக்கிறது. ஒரு நிமிஷம்.

நம்மை இல்லை. எட்டாம் நம்பரைக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவை அந்தக் கண்ணாடிக் கதவு திறக்கும்போதும் நம்மைத்தானோ என்று எழுந்து எழுந்து உட்காருகிறேன். அந்த சிஸ்டருக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் கூப்பிடத் தெரியாதா? கலெக்டர் ஆபீஸ் டவாலி மாதிரி ஒரு சத்தம். "எட்டு அட்டெண்டர்! எட்டு அட்டெண்டர்!" நோயாளிகூட வந்த மனுஷிக்குப் பேர் கிடையாது, அட்டெண்டர்தான்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? பின்னல். பாதிப் பின்னலில் சீப்பு கீழே விழுந்தது. "அத்தை, மூச்சு முட்டுது"ன்னாள். அவ்வளவுதான். பச்சைப் பிள்ளை மாதிரி என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

யோசித்துப் பார்த்தால் இதெல்லாம் அருப்புக்கோட்டைப் பெரியவரால் வந்தது. எங்கள் பங்காளி ஒருவர். எண்பத்தெட்டு வயது. ஆறு வருஷமாகப் படுத்த படுக்கை. போவதென்றால் எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாம். சரியாக எங்கள் குலசாமிப் பொங்கலுக்கு நாலு நாள் முன்னால்தானா போக வேண்டும்? பங்காளி வீட்டுச் சாவு, பதினாறு நாள் தீட்டு. கோயில் வாசலை மிதிக்க முடியாது. பொங்கல் தள்ளிப் போயிற்று.

உங்களுக்குச் சம்பந்தம் புரியவில்லை, இல்லையா? கேளுங்க. எங்கள் வீட்டு வழக்கம் என்னவென்றால், புதிதாக வந்த மருமகள் முதல் வருஷம் குலசாமி கோயிலில் தன் கையால் முதல் பானை வைக்க வேண்டும். பங்காளி பதினோரு வீடும் அவள் பானை பொங்கி வழிகிற வரை சுற்றி நிற்கும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் அடுப்பு மூட்டலாம். அன்றைக்கு அவள் வீட்டுக்கு விலக்கு என்றால் என்ன ஆகும்? பதினோரு வீட்டுக்கும் பதில் சொல்ல முடியுமா? என் நாத்தனார் வாயை நீங்கள் பார்த்ததில்லை.

அதனால் மாத்திரை. நாள் தள்ளிப் போகிற மாத்திரை. உங்களுக்குத் தெரியாததா, எல்லாப் பெண்களும் போடுகிறதுதானே. கல்யாணம், கிரகப்பிரவேசம், திருப்பதி என்றால் யார்தான் போடவில்லை? நான் ஒன்றும் எங்கோ தெருவில் விற்றதை வாங்கிக் கொடுக்கவில்லை. முறையாக டாக்டர் எழுதிய சீட்டு இருக்கிறது. காட்டட்டுமா? இதோ. லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன்.

ஆமாம், என் பெயர்தான் போட்டிருக்கிறது. சுகந்தி, முப்பத்தெட்டு வயது. அது என் தங்கை கல்யாணத்துக்கு லேடி டாக்டர் எழுதிக் கொடுத்தது. பதினாறு வருஷம் ஆகிறது. 'மூன்று நாட்களுக்கு' என்று கீழே இருக்கிறதே, அது எனக்கு. மருந்து மருந்துதானே? ஆளுக்கு ஆள் மாறுமா? எங்கள் தெருவில் இந்தச் சீட்டை வைத்து எத்தனை கல்யாணம் நடந்திருக்கிறது தெரியுமா? தெருமுனை மருந்துக்கடைத் தம்பி இதைக் கையில்கூட வாங்க மாட்டான். தூரத்தில் பார்த்தாலே, "ஆன்ட்டி, யாருக்கு விசேஷம்?" என்பான். மாத்திரைப் பட்டையைக் கத்தரியால் நறுக்கிக் கொடுப்பான். அட்டைப்பெட்டியோடு வாங்கினால்தானே உள்ளே மடித்து வைத்த காகிதம் கிடைக்கும். நான் அந்தக் காகிதத்தையெல்லாம் விடமாட்டேன், எத்தனை பொடி எழுத்தானாலும் வரி வரியாகப் படிப்பேன். இதற்கு மட்டும் கிடைத்ததே இல்லை.

முதலில் வைகாசிக் கடைசியில் நாத்தனார் மகள் கல்யாணம். அதற்குப் பத்து நாள். அதோடு நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும், பொங்கல் அன்றைக்குச் சரியாக நிற்கும். அதனால் தொடர்ந்து போடச் சொன்னேன். அப்புறம் பெரியவர் போனார். பதினாறு நாள். தீட்டு கழிந்து அடுத்த செவ்வாய் பூசாரிக்கு ஒத்துவரவில்லை, அவர் வீட்டில் காதுகுத்து. அதற்கடுத்த செவ்வாய் என்றார்கள். நடுவில் நிறுத்த முடியுமா? நிறுத்தினால் எந்தச் செவ்வாயில் போய் முட்டுமோ.

எத்தனை நாளா? எண்ணவில்லை.

பொய். எண்ணியிருக்கிறேன். தினசரிக் காலண்டரில் மூலையில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டுதான் வந்தேன், அவள் மறந்துவிடக் கூடாதே என்று. வேளைக்கு நானே எடுத்துக் கையில் கொடுப்பேன். இன்றைக்கு முப்பத்தெட்டு.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? பானை நன்றாகத்தான் பொங்கியது. கிழக்குப் பக்கம் வழிந்தது. பதினோரு வீடும் குலவை போட்டார்கள். நாத்தனாரே, "அண்ணி, மருமக ராசிக்காரி"ன்னு சொன்னாள். அது கடந்த செவ்வாய்க்கிழமை. மூன்றே நாளில் ஆடி முதல் வெள்ளி மாவிளக்கு, அதனால் மாத்திரையை நிறுத்தவில்லை.

அன்றைக்கு வீடு திரும்புகிறபோது வேனிலேயே இலக்கியா, "அத்தை, இடது ஆடுசதை இழுக்குது"ன்னாள். கோயிலில் வெறுங்காலோடு நாலு மணி நேரம் நின்றிருக்கிறாள், இழுக்காதா? அதோடு இந்தப் பிள்ளை வேலை பார்க்கிற லட்சணம் அப்படி. வீட்டிலிருந்தே வேலை. காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருப்பது கிடையாது. சாப்பாட்டைக்கூட நான் கொண்டுபோய் வைக்க வேண்டும். நரம்பு சுருண்டுகொள்ளாமல் என்ன செய்யும்?

நான் முதலுதவி படித்தவள். பள்ளிக்கூடத்தில் கைட்ஸில், அதுதான் பெண்கள் சாரணர் படை, இருந்தேன், முதலுதவிக்குப் பேட்ஜ் வாங்கினேன். கான்வென்ட் கன்னியாஸ்திரி சிஸ்டர் குளோத்தில்டா எங்களை வராந்தாவில் படுக்கவைத்து ஒருத்திக்கு ஒருத்தி கட்டுப்போடச் சொல்வார்கள். முக்கோணத் துணியை நான் மடிக்கிற மாதிரி யாருக்கும் மடிக்க வராது. பார்த்ததும் சொன்னேன், நரம்பு பிரண்டுவிட்டது, வேறொன்றும் இல்லை என்று. ராத்திரிக்கு ஒரு வலி மாத்திரை, காலையில் ஒன்று.

புதன்கிழமை கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. கொலுசு இறுக்குகிறது என்று கழற்றிவைத்தாள். தொட்டால் சூடு. எங்கள் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "டாக்டர்ட்ட ஒருதரம் காட்டிருவமா?"ன்னார். அவர் வாயைத் திறப்பதே வருஷத்துக்கு இரண்டு தடவை. "நீங்க சும்மா இருங்க, கால் வலிக்கெல்லாம் டாக்டர்ட்டப் போனா ஊரு சிரிக்கும்"னேன். சும்மா இருந்தார். சும்மா இருக்கச் சொன்னால் உடனே சும்மா இருக்கிற மனுஷனை என்ன சொல்வது நீங்களே சொல்லுங்க. இப்போது கீழே லேபில் நிற்கிறார். அங்கேயும் சும்மாதான் நிற்பார்.

நல்லெண்ணெயைக் காய்ச்சி, பொறுக்கிற சூட்டில் காலில் தேய்த்துவிட்டேன். வேலைக்காரியை விட்டுத் தேய்க்கச் சொல்லவில்லை. நானே. மாமியார் மருமகள் காலைப் பிடித்துவிட்டாள் என்று எந்த வீட்டிலாவது கேட்டிருக்கீங்களா? கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து, மேல்நோக்கி அழுத்தி அழுத்தி. உள்ளே கயிறு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. இதுதான் சுருண்ட நரம்பு, இதை நீவி எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். "அத்தை, வலி உயிர் போகுது"ன்னு தலையணையைக் கடித்தாள். "வலிச்சாத்தாண்டி சரியாகும், பொறுத்துக்கோ"ன்னேன். புதன் இரண்டு வேளை. நேற்று இரண்டு வேளை.

இன்று காலை ஒரு வேளை. ஏழு மணிக்கு. எழுந்து உட்கார்ந்து, "இப்பக் கொஞ்சம் லேசா இருக்கத்தை"ன்னாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆடி முதல் வெள்ளி, மாவிளக்குப் போட வேண்டும், பூஜைக்கு எழுந்துவிட்டாளே என்று. தலையைப் பின்னிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு நான் மாவு இடிக்கப் போனேன்.

சீப்பு விழுந்த சத்தம்தான் கேட்டது.

உதடு நீலமாக இருந்தது. இல்லை, அப்போது இல்லை, அது அப்புறம். முதலில் வேர்வை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். வெறும் வயிறு, வாயு நெஞ்சில் அடைத்துக்கொண்டது என்றுதான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஓமத்தண்ணீர் கொடுத்தேன். முதுகைத் தட்டினேன். ஒரு கேஸ் மாத்திரை. கொஞ்சம் படுத்திரு, ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று சொன்னேன். ஏப்பம் வரட்டும் வரட்டும் என்று நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏப்பத்துக்குக் காத்திருந்தேன்.

எதிர்வீட்டு ரோஸ்மேரிதான் விளக்குக்கு நெய் கேட்க வந்தவள், இலக்கியா முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்க் காரை எடுத்துக்கொண்டு வந்தாள். விளக்கு அவளுக்கு இல்லை, அவள் வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு. அது கிடக்கட்டும். கார் வேகத்தில் இவள் தலை என் மடியில் ஆடியது. பாதி போட்ட பின்னல். ரப்பர் பேண்டு என் கையிலேயே இருக்கிறது, பாருங்க. இன்னும் என் மணிக்கட்டில்தான் இருக்கிறது.

கதவு.

மூன்றாம் நம்பர். மருந்து வாங்கச் சீட்டு கொடுக்கிறார்கள். சரி.

உள்ளே ஒரு டாக்டர் இருக்கிறாளே, பார்த்தீங்களா, சின்னப் பெண்? என் மருமகளைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். ஒட்டவெட்டின நகம், காதில் பொட்டுத் தோடு. ஒன்பதரை மணிக்கு வெளியே வந்து என்னைத் தனியாக அந்த மூலைக்குக் கூப்பிட்டாள். "அம்மா, இவங்க நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டு அடைச்சிருக்கலாம்னு சந்தேகப்படுறோம். ஆனா பிரஷர் நிக்க மாட்டேங்குது, ஸ்கேனுக்கு எடுத்துட்டுப் போக முடியல. கட்டைக் கரைக்க ஒரு மருந்து இருக்கு. அதைப் போட்டா உடம்புல வேற எங்கயாவது ரத்தம் கசியவும் வாய்ப்பிருக்கு, போடறதுன்னா உங்க கையெழுத்து வாங்குவோம். இந்த வயசுல, ஒரு காரணமும் இல்லாம இப்படி வராது. அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க"ன்னு ஆரம்பித்தாள்.

ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா? ஹார்மோன் மாத்திரை, நாள் தள்ளிப் போகிற மாத்திரை, வலி மாத்திரை, ஏதாவது?

"நத்திங், டாக்டர்"னேன்.

கால் ஏன் வீங்கியிருக்கிறது?

படியில் வழுக்கினாள் என்றேன்.

யாராவது அமுக்கிவிட்டீர்களா? தேய்த்தீர்களா?

"நோ, நோ, நாட் அட் ஆல்."

அவள் தமிழில்தான் கேட்டாள். நான்தான் இங்கிலீஷில் சொன்னேன். எனக்கு எப்போதுமே அப்படித்தான், தப்புப் பண்ணிவிட்டால் இங்கிலீஷ் தானாக வந்துவிடும்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீங்க. அந்தப் பெண் கேட்ட விதம் அப்படி. கையில் பேனாவை வைத்துக்கொண்டு, என்னமோ நான் பத்தாவது பெயிலானவள் மாதிரி. ஏதாவது மரியாதையாகக் கேட்டிருந்தால்... இல்லை. மரியாதையாகத்தான் கேட்டாள். "அம்மா"ன்னுதான் கூப்பிட்டாள். அவள் முதல் கேள்வியிலேயே மாத்திரையைச் சொன்னாள் பாருங்க, பெயரோடு சொன்னாள், அந்த நிமிஷம் என் வாய் முந்திக்கொண்டது. என் கட்டைவிரல் இரண்டும் தனியாகத் துடித்தது. அந்தக் கயிறு. நீவி நீவி நான் மேலே தள்ளிய அந்தக் கயிறு எங்கே போயிருக்கும் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஹெல்த் சயன்ஸில் நான் ஃபர்ஸ்ட். காலிலிருந்து ரத்தம் எங்கே போகிறது என்று படம் வரைந்து நீலப் பென்சிலால் அம்புக்குறி போட்டவள்.

கடைசியாக ஒன்று கேட்டாள். குடும்பத்தில் யாருக்காவது இப்படி ரத்தக்கட்டு வந்திருக்கிறதா என்று.

தெரியாது என்றேன்.

தெரியும். அதுதான் தெரியும்.

முதல் நாள், கல்யாணத்துக்கு மாத்திரை கொடுத்தபோதே இலக்கியா சொன்னாள். அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். "அத்தை, தம்பி பிறந்தப்ப எங்கம்மாவுக்குக் கால்ல ரத்தம் கட்டிக்கிச்சு. ஆறு மாசம் ஊசி போட்டாங்க. எங்க அக்காவுக்கு டாக்டர் இந்த மாதிரி மாத்திரையே வேணாம்னு சொல்லிருக்காங்க. நானும் ஒருதரம் கேட்டுட்டுப் போடட்டுமா?" பயந்துகொண்டுதான் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க வீட்டுல தும்மினாக்கூட டாக்டர்ட்டத்தான் போவீங்களா? பதினாறு வருஷமா இந்தத் தெருவே போடுது, ஒருத்திக்கு ஒண்ணும் ஆகல. உனக்கு மட்டும் என்ன தங்கத்துலயா உடம்பு?" அப்படியே முழுங்கிவிட்டாள். தண்ணீர்கூடக் கொஞ்சம்தான் குடித்தாள்.

நல்ல பிள்ளைங்க. எதிர்த்துப் பேசத் தெரியாது. எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

ஃபோன் அடிக்கிறது. சம்பந்தி, இலக்கியாவின் அம்மா. இருங்க.

"சொல்லுங்க... ஆமா... உள்ளதான் இருக்கா... நல்லா கவனிக்கிறாங்க... எங்க வர்றீங்க?... ஐயோ, அப்படியா... சரி, சரி, பதறாதீங்க..."

உசிலம்பட்டியில் ஆடி வெள்ளி ஊர்வலம். பால்குடம். பஸ் நகரவில்லையாம். இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். கம்பத்திலிருந்து எட்டே முக்காலுக்கு ஏறினவர். காலையில் நான் ஃபோன் பண்ணி மூச்சு முட்டுகிறது என்று சொன்னதும் அந்த அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "கால் வீங்கிச்சா?" நெஞ்சு வலியா என்றுகூடக் கேட்கவில்லை. நாலாவது வரைக்கும் படித்தவர். ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். "லேசா"ன்னேன். அப்புறம், "நான் வந்துர்றேன்"னு வைத்துவிட்டார்.

அவர் வந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுவார். தன் கால் கதையைச் சொல்வார். அது போதும், இல்லையா? டாக்டருக்கு வேண்டியது அதுதானே? நான் வேறு எதற்கு?

மகன் பிரசன்னா ஓசூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறான். வண்டியிலிருந்தே ஃபோன் பண்ணினான். "அம்மா, நீ ஏதாவது குடுத்தியா?" என்று கேட்டான். பிள்ளை, பெற்றவளிடம் அப்படிக் கேட்கிறான். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். அவனுக்கு மூன்று வயதில் வலிப்பு வந்தபோது ராத்திரி முழுக்க மடியில் போட்டுக்கொண்டு... அதெல்லாம் இப்போது எதற்கு.

நான் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். சரியா என்று சொல்லுங்க. டாக்டரிடம் போய், "இப்பத்தான் அவ பையைப் பார்த்தேன், இந்த மாத்திரைப் பட்டை இருந்துச்சு, அவளே வாங்கிப் போட்டிருக்கா போல, எனக்குத் தெரியவே தெரியாது டாக்டர்" என்று சொன்னால் என்ன? விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். வைத்தியம் நடக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. அவள் கண்விழித்த பிறகு நான் அவளிடம் பேசிக்கொள்கிறேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். அந்தப் பிள்ளைக்கு அதெல்லாம் வராது.

ஏங்க, ஏதாவது சொல்லுங்களேன். இவ்வளவு நேரமும் நானேதான் பேசுகிறேன்.

என்ன? டாக்டர் என்னிடம் கேட்டது எத்தனை மணிக்கா?

ஒன்பதரை. சொன்னேனே. ஒன்பதரை.

இப்போது பத்தே முக்கால்.

ஆமாம். ஒன்றேகால் மணி நேரம். அவர்கள் காரணம் தெரியாமல் உள்ளே... நான் இங்கே நாற்காலி கால் ஆடும் என்று உங்களிடம்... எவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன் உங்களிடம்? இருபது நிமிஷம் இருக்குமா? வீட்டில் நாற்பது, இங்கே ஒன்றேகால் மணி நேரம். ஏன் என்னை நிறுத்தவில்லை? உங்களைச் சொல்லி என்ன, என்னை யார் நிறுத்த முடியும்.

அவளே வாங்கினாள் என்று சொன்னால் உடனே கேட்பார்கள், எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாக எப்போது, வலி மாத்திரை எது, எத்தனை என்று. யார் சொல்வது? அவளுக்கு வாயில் குழாய் போட்டிருக்கிறார்கள். புள்ளி வைத்த காலண்டர் என் வீட்டுச் சுவரில். பட்டை என் பெட்டியில். கடைசி மாத்திரை இன்று காலை ஆறு மணிக்கு, காபிக்கு முன்னால், என் கையால். இது அவ்வளவும் தெரிந்த ஆள் இந்தக் கட்டிடத்தில் நான் ஒருத்திதான்.

அவள் செத்துப் போய்விடுவாளா?

இல்லை, நீங்கள் சொல்லாதீங்க. உங்களுக்கு என்ன தெரியும். எனக்கும்தான் என்ன தெரியும்.

கதவு திறக்கிறது.

"நாலு அட்டெண்டர்! நாலு!"

நம்மைத்தான். நாலு என்றுதானே சொன்னாள்? கொஞ்சம் கையைக் கொடுங்க. பெட்டி. பெட்டி எங்கே? இதில்தான் பட்டை இருக்கிறது, சீட்டும் இருக்கிறது. லேமினேட் பண்ணின சீட்டு.

இருங்க. உங்கள் கையைத் திறங்க. இன்னும் போடவில்லையே? தண்ணீர் வரவில்லையே? கொடுங்க அதை. கொடுங்கன்னா. உங்களுக்குப் பிரஷர் இருக்கிறதா, வயிற்றில் புண் இருக்கிறதா, ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நான் ஒன்றுமே கேட்கவில்லை. நீங்களும் வாங்கி வைத்துக்கொண்டீங்க. கீழே ஓபி இருக்கிறது, போய் உட்கார்ந்து காட்டுங்க. கூட்டமாக இருந்தாலும் உட்காருங்க.

"நாலு அட்டெண்டர் யாரும்மா? எத்தனை தடவை கூப்பிடுறது?"

வந்துட்டேன் சிஸ்டர். வந்துட்டேன். நான்தான். மாமியார். அந்த டாக்டரம்மா எங்க? கையெழுத்து அப்புறம் போடுறேன், முதல்ல அவங்களைக் கூப்பிடுங்க. நான் காலைல சொன்னது எதுவும் உண்மை இல்ல. மாத்திரை குடுத்தது நான். முப்பத்தெட்டு நாள். காலைத் தேய்ச்சதும் நான்தான்.